கண் காணாத இடத்து வேலை



சிலாபம் முதல் கற்பிட்டி வரையான நம் கரையோரத்துக்குக் கிற்றார் புதிய வாத்தியம் அல்ல. கலியாண வீடுகளிலும் கடற்கரையிலும் பைலாப் பாட்டுக்குத் துணையாக அது நெடுங்காலம் ஒலித்து வந்திருக்கிறது. 1963-ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டில் ஓர்கனுக்குச் சிறப்பிடம் கொடுத்து, தகுதியான மற்ற வாத்தியங்களுக்கும் இடமளித்தது. அதன் பிறகு கோவில் பாடற்குழுவிலும் கிற்றார் வந்து அமர்ந்தது. இன்று பல வீடுகளில் பிள்ளைகள் வாங்கித் தரும்படி கேட்கும் முதல் வாத்தியம் அதுவே.

கடையில் தொங்கும் கிற்றார் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யப்படுவது. ஒரு தொழிலாளிக் குடும்பம் சில மாதம் மிச்சம் பிடித்தால் வாங்கிவிடலாம். ஸ்பெயின் நாட்டில் ஒரு தச்சர் தம் சிறு பட்டறையில் இருந்து கையால் செய்யும் கிற்றாரோ பல ஆயிரம் யூரோ விலை பெறும். பெயர் பெற்ற சிலரிடம் சொல்லி வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஆறு தந்திகள், ஒரே வடிவம், நடுவில் ஒரே வட்டத் துளை. பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

அப்படியானால் இவ்வளவு விலை எதற்காக? செல்வரின் வீண் பெருமைக்காகவா? அல்லது கையால் செய்த வேலையில், காசு மட்டும் அளந்து முடிக்காத ஒரு நன்மை உண்டா? அந்தக் கிற்றாரை நாம் ஒருநாளும் வாங்கப் போவதில்லை. ஆயினும் இந்தக் கேள்வி நம்முடையது. வலை பின்னுபவர், வீடு கட்டுபவர், பாடம் சொல்லிக் கொடுப்பவர், சமைத்துப் போடுபவர், பிள்ளை வளர்ப்பவர் என நாம் எல்லோரும் ஏதோ ஒன்றை உருவாக்குகிறவர்கள்தானே.

பெட்டி மூடப்படும் முன்

முதலில் அந்த ஸ்பானியத் தச்சர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம்.

கிற்றாரின் முகப்புப் பலகைக்கு ஸ்புறூஸ் அல்லது சீடர் என்னும் குளிர்நாட்டு ஊசியிலை மரத்தை எடுக்கிறார். ஒரே கட்டையைப் புத்தகம் விரிப்பதுபோல் இரண்டாகப் பிளந்து, நடுவில் ஒட்டுகிறார். பிறகு இழைக்கத் தொடங்குகிறார். இழைக்கிறார், இரு கைகளாலும் பிடித்து மெல்ல வளைத்துப் பார்க்கிறார், விரலால் தட்டிக் கேட்கிறார், மறுபடி இழைக்கிறார். முடிவில் அந்தப் பலகை இரண்டு அல்லது இரண்டரை மில்லிமீற்றர் தடிப்புக்கு வந்துவிடும். முறுக்கிக் கட்டிய ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ நாற்பது கிலோ விசையில் அதை இழுத்துக்கொண்டிருக்கும். தடித்தால் பாடாது, மெலிந்தால் தாங்காது. அந்த இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவே இருக்கும் ஒற்றையடிப் பாதைதான் அவருடைய தொழில்.

அடுத்து, பலகையின் உட்புறத்தில் விசிறியின் கைகள்போல் மெல்லிய மரக்கீற்றுகளை ஒட்டுகிறார். பெரும்பாலும் ஏழு கீற்றுகள். பக்கப் பலகைகளை நனைத்து, சூடான இரும்பில் அழுத்தி வளைத்து, கழுத்தின் அடியில் வெட்டிய பள்ளத்தில் செருகுகிறார். பக்கமும் முகப்பும் சேரும் விளிம்பில், விரல் நுனியளவு மரத்துண்டுகளை ஒவ்வொன்றாக, பசை தடவி, வரிசையாக வைத்து ஒட்டுகிறார். இயந்திரத்தில் ஒரே நீளக் கீற்றாக ஒட்டிவிடக் கூடிய இடம் அது. பழைய ஸ்பானிய மரபில் அதைத் துண்டு துண்டாகவே கையால் வைப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் கடைசியாக முதுகுப் பலகை வந்து பெட்டியை மூடுகிறது. அதன் பிறகு உள்ளே செய்த வேலையை யாரும் எளிதில் பார்க்க முடியாது. வட்டத் துளை வழியே எட்டிப் பார்த்தால் செய்தவர் பெயர் எழுதிய ஒரு கடதாசித் துண்டு தெரியும், அவ்வளவுதான். வாங்க வருகிறவர் பார்ப்பதெல்லாம் பளபளப்பையும், துளையைச் சுற்றிய பல வண்ண மரச் சித்திர வேலையையும்தான். தச்சரின் உண்மையான உழைப்பு இருட்டுக்குள் போய்விட்டது.

இது ஐரோப்பியருக்கு மட்டும் உரிய பெருமை என்று எண்ண வேண்டாம். தஞ்சாவூரில் வீணை செய்யும் ஆசாரியும் பலாமரத்தை இப்படித்தான் குடைந்து குடைந்து குரல் வர வைக்கிறார். 2013-ஆம் ஆண்டில் தஞ்சாவூர் வீணைக்கு இந்தியாவில் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு ஊரின் பெயருக்குக் கிடைத்தது. குடத்தின் உட்புறத்தைக் குடைந்த விரல்கள் அங்கும் மறைந்தே இருக்கின்றன.

கடதாசி அட்டைக் கிற்றார்

இன்று நாம் காணும் ஸ்பானியக் கிற்றாருக்கு வடிவம் தந்தவர் என்று போற்றப்படுபவர் அந்தோனியோ தே தோரெஸ். 1817-இல் தென் ஸ்பெயினின் அல்மேரியாவை அடுத்த சிற்றூரில் பிறந்தவர்; 1892-இல் இறந்தவர். தச்சு வேலை கற்றவர். பிறகு செவில் நகரில் கிற்றார் செய்யத் தொடங்கினார். விசிறிபோல் கீற்று ஒட்டும் முறை அவருக்கு முன்பே இருந்தது. அதை ஒழுங்கான முறையாகச் சீர்செய்து, பெட்டியையும் பெரிதாக்கி, சிறு கூடத்துக்கு மட்டும் கேட்ட வாத்தியத்தைப் பெரிய மண்டபத்துக்கும் கேட்கச் செய்தவர் அவர்.

கிற்றாரின் நாதம் எங்கிருந்து வருகிறது என்பது அவர் காலத்திலும் கேட்கப்பட்ட கேள்வி. முதுகுக்கும் பக்கங்களுக்கும் விலையுயர்ந்த, அழகான கருமரங்களைத் தேடிப் போவது வழக்கம். கண்ணுக்குத் தெரியும் பகுதி அதுவல்லவா? 1862-இல் தோரெஸ் ஒரு விசித்திரமான கிற்றாரைச் செய்தார். முகப்புப் பலகையை வழக்கம்போல் நல்ல மரத்தில் மிகுந்த கவனத்தோடு இழைத்தார். பக்கங்களையும் முதுகையும் வெறும் கடதாசி அட்டையால் செய்தார். அந்த வாத்தியம் பார்சலோனாவின் இசை அரும்பொருளகத்தில் இன்றும் இருக்கிறது. அட்டைப் பெட்டியிலிருந்தும் கிற்றாரின் குரல் வரும் என்று அவர் காட்டிவிட்டார். பக்கத்து மரத்துக்கு வேலையே இல்லை என்பது இதன் பொருள் ஆகாது. ஆனால் குரலின் உயிர் முகப்புப் பலகையிலும், அதன் மறுபுறத்தில் யாரும் காணாத அந்தக் கீற்றுகளிலும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அவருடைய கடைசிக் காலத்து நண்பர்களில் ஹுவான் மார்த்தினெஸ் சிர்வென்ட் என்ற குருவானவர் ஒருவர். அவர் எழுதி வைத்த நினைவு ஒன்று உண்டு. ஒரு விருந்தில் தோரெஸிடம், உமது இரகசியத்தை உம்மோடு கொண்டுபோய்விடாமல் உலகுக்குச் சொல்லிவிடும் என்று கேட்டார்களாம். அது தம்மோடு கல்லறைக்குத்தான் வரும் என்றாராம் தோரெஸ். மறைக்கும் எண்ணத்தால் அப்படிச் சொல்லவில்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பலகையைப் பிடிக்கும்போது, அது சரியாக வந்துவிட்டதா என்று அந்த விரல்கள்தாம் தம் அறிவுக்குச் சொல்கின்றன. அதை இன்னொருவருக்கு எப்படிக் கொடுப்பது என்பதே அவர் பதில்.

இந்தப் பதிலைக் கொஞ்சம் ஆழ்ந்து பார்க்க வேண்டும். அவருடைய இரகசியம் ஓர் அளவாக இருந்திருந்தால் எழுதி வைத்திருப்பார். இன்று எந்த இயந்திரமும் அதைச் செய்துவிடும். அளவுகளை அளந்து பார்த்தும் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு மரங்கள் ஒருபோதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று விறைப்பு, ஒன்று இளக்கம். ஒரே மரத்தின் இரண்டு பலகைகளுக்குள்ளும் வேற்றுமை உண்டு. தொழிற்சாலை எல்லாப் பலகைக்கும் ஒரே தடிப்பு வைக்கிறது. மிக மெலிந்த பலகையும் உடையாதபடி, எல்லாவற்றையும் கொஞ்சம் தடிப்பாகவே வைக்கிறது. விறைப்பான பலகை தன்னால் முடிந்த குரலைத் தராமலே வாழ்ந்து முடிகிறது. தோரெஸ் அந்த ஒரு பலகையிடம், உனக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். அவருடைய கைத்திறன் எனப்படுவது அந்தக் கேட்கும் பொறுமையே.

அந்தப் பெட்டிக்குள் நமது பங்கு

தச்சர் ஸ்பெயினில் இருக்கிறார் என்பதால் இது தூரதேசத்துக் கதை ஆகிவிடாது. கிற்றாரின் கழுத்தில், விரல்கள் ஓடும் பலகை கருங்காலி மரம். உலகம் அறிந்த கருங்காலிகளில் தலைசிறந்ததாக மதிக்கப்பட்டது இலங்கைக் கருங்காலி. பாலையும் வீரையும் முதிரையும் வளரும் நம் வரண்ட வலயக் காடுகளில், புத்தளத்துக்கு வடக்கே வில்பத்துப் பக்கத்தில் நிற்கும் மரம். மிக மெதுவாக வளர்வது. அந்நியர் ஆட்சிக்காலத்தில் அது கப்பல் கப்பலாகப் போயிற்று. இன்று அதை வெட்டுவதும் ஏற்றுமதி செய்வதும் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டிருக்கின்றன. தச்சர்கள் பெரும்பாலும் ஆபிரிக்கக் கருங்காலிக்குப் போய்விட்டார்கள்.

முதுகுக்கும் பக்கத்துக்கும் முன்னாளில் பிரேசில் நாட்டு ரோஸ்வூட் மரம் சென்றது. அது அழியும் நிலைக்கு வந்ததால், 1992-இல் அதன் சர்வதேச வாணிபம் தடைசெய்யப்பட்டது. அந்த இடத்தை நிரப்பியது தென்னிந்திய மலைகளின் ஈட்டி மரம். மினுக்கத்துக்குப் பூசும் அரக்கு, பூச்சியிலிருந்து கிடைப்பது. இந்தியா அதைப் பெருமளவில் விளைவிக்கும் நாடு. தந்தியோ முன்பு விலங்குக் குடலால் திரிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அந்தக் குடல்நூல் காயம் தைக்கத் தேவைப்பட்டுத் தட்டுப்பாடு வந்தது. 1940-களில் நியூயோர்க்கில் அல்பேர்ட் ஓகஸ்டின் என்பவர் நைலோனில் தந்தி செய்து பார்த்தார். நம் மீனவர் கையில் தங்கூசி நூலாக இருக்கும் அதே நைலோன்தான் இன்று கிற்றாரின் மெல்லிய தந்திகளாகப் பாடுகிறது.

ஆகவே கையால் செய்த கிற்றார் என்று நாம் சொல்லும்போது, எத்தனை கைகளைச் சொல்கிறோம்? மரம் வெட்டிய கை, அரக்குச் சுரண்டிய கை, கப்பலில் ஏற்றிய கை. ஒட்டிய கடதாசித் துண்டில் ஒரு பெயருக்கு மட்டுமே இடம் உண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

கை உயர்ந்ததா, இயந்திரம் தாழ்ந்ததா?

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், நியாயமான ஆட்சேபம். கைவேலையைப் புகழ்ந்து இயந்திரத்தை இகழ்வது எளிது. மரத்தால் செய்த வள்ளத்தை விட்டுப் பைபர் படகுக்கு வந்த மீனவரை யார் குறை சொல்ல முடியும்? பைபர் படகு ஓர் அச்சிலே வார்க்கப்படுகிறது, ஒன்றைப்போல் மற்றொன்று. ஆனால் அது இலேசு, எளிதில் உக்காது, பழுது பார்ப்பதும் சுலபம். பருத்தி வலை பின்னிப் பின்னிக் கண் மங்கிய நம் முன்னோர் நைலோன் வலையைக் கண்டபோது மகிழ்ந்தார்களே ஒழிய அழவில்லை. அதுபோலவே, தொழிற்சாலைக் கிற்றார் இல்லாதிருந்தால் நம் பிள்ளைகளில் அநேகர் அந்த வாத்தியத்தைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். ஏழையின் கைக்கு எட்டிய பொருளைக் கேவலமாகப் பேசுவது கிறிஸ்தவப் பண்பு ஆகாது.

மேலும், இசைக்கு விலையுயர்ந்த வாத்தியம் வேண்டும் என்றும் இல்லை. புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளி மக்களின் மஞ்ஞா இசையைக் கேட்டவர்கள் இதை அறிவார்கள். றபானும், சிரட்டையும், கோப்பையும் கரண்டியும்தான் அவர்களின் வாத்தியங்கள். பழைய போர்த்துக்கேயக் கலப்பு மொழிச் சொற்கள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பாட்டுகளில் தங்கி நிற்கின்றன. பொருள் முழுவதும் புரியாத காலத்திலும் பேரப்பிள்ளைகள் அவற்றைப் பாடுகிறார்கள். எந்தத் தச்சருக்கும் அவர்கள் காசு கொடுக்கவில்லை.

எனவே கையால் செய்வது என்பதனால் மட்டும் ஒரு வேலை புண்ணியம் ஆகிவிடாது. கையாலும் மோசமாகச் செய்யலாம். இயந்திரத்தாலும் ஒழுங்காகச் செய்யலாம். அப்படியானால் நன்மை எங்கே இருக்கிறது?

இந்த இடத்தில் புனித தோமஸ் அக்குவினாஸ் நமக்கு உதவுகிறார். கைத்தொழிலையும் நல்லொழுக்கத்தையும் அவர் ஒன்றாகக் குழப்புவதில்லை. தொழில் திறமை என்பது, செய்யப்படும் பொருள் நன்றாக வருவதற்கான அறிவு. தொழிலாளியைத் தொழிலாளி என்ற முறையில் புகழ வேண்டுமானால் வேலையைப் பார்க்க வேண்டும். அவன் என்ன மனதோடு செய்தான் என்பதைப் பார்க்க வேண்டியதில்லை. கணக்குச் சரியாக வந்தால், போட்டவன் கோபத்தில் இருந்தானா மகிழ்ச்சியில் இருந்தானா என்பது கணக்குக்குப் பொருட்டல்ல. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குடிகாரத் தச்சன் ஒருவன் அருமையான கதவு செய்வதை நாம் பார்த்ததில்லையா?

ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. திறமை இருப்பது ஒன்று, இருக்கும் திறமையை உண்மையாகப் பயன்படுத்துவது வேறொன்று என்கிறார். இந்த இரண்டாவதற்கு நல்ல மனம் வேண்டும். தொழிலாளியை நம்பிக்கைக்குரிய வேலை செய்யத் தூண்டுவது நீதி என்னும் புண்ணியமே என்பது அவர் முடிவு.

நீதி! நீதிமன்றத்துக்கும் அரசாங்கத்துக்கும் உரிய சொல் என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் சொல். அது பசைச் சட்டிக்கும் இழைப்புளிக்கும் நடுவே வந்து நிற்கிறது. காரணம் என்ன? கிற்றார் வாங்குகிறவர் பெட்டியைத் திறந்து பார்க்க முடியாது. உள்ளே ஒரு கீற்றுச் சரியாக ஒட்டாமல் இருந்தாலும், விளிம்பில் நான்கு மரத்துண்டு குறைந்தாலும் இன்று தெரியாது. ஐந்து ஆண்டு கழித்துப் பலகை நெளியும்போதுதான் தெரியும். அப்போதும் காற்றின் ஈரத்தைக் குறை சொல்லித் தப்பிவிடலாம். ஆகவே அவர் கொடுக்கும் விலையில் ஒரு பகுதி மரத்துக்கு, ஒரு பகுதி உழைப்புக்கு, மீதி முழுவதும் நம்பிக்கைக்கு. தான் பார்க்க முடியாத இடத்தில் தனக்குரியது செய்யப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கை அது. அவரவர்க்கு உரியதைக் கொடுப்பது நீதி என்றால், கண் காணாத இடத்தில் அதைக் கொடுப்பதே நீதியின் உரைகல்.

நம் கரையில்

நம் ஊரிலும் மூடிய பெட்டிகள் ஏராளம். கருவாட்டுச் சிப்பத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் நல்லதாக இருக்கும். நடுவில் இருப்பது கொழும்பில் கட்டை அவிழ்க்கும்போதுதான் வெளியாகும். வீட்டுக்குப் போடும் கொங்கிறீற்றுக்குள் எத்தனை கம்பி வைத்தார்கள், எவ்வளவு சீமெந்து கலந்தார்கள் என்பதைப் பூச்சு மூடிவிடும். இறாலை எடைபோட்டுப் பெட்டியில் அடுக்கும் கை, மருந்துப் போத்தலை நிரப்பும் கை, பரீட்சைத் தாளைத் திருத்தும் கை எல்லாமே யாரும் பாராத நேரத்தில் வேலை செய்கின்றன. வாங்குகிறவர் மூடியைத் திறந்து பார்த்து வாங்கும் பொருள் உலகத்தில் மிகக் குறைவு. நாம் ஒருவரையொருவர் நம்பியே உண்கிறோம், உறங்குகிறோம், கடலுக்குப் போகிறோம். படகின் ஒட்டுச் சரியாக இருக்கிறதா என்பதை ஓடாவி அறிவார். ஏறுகிறவர் நடுக்கடலில்தான் அறிவார்.

எல்லாவற்றிலும் மூடிய பெட்டி பிள்ளை வளர்ப்பு. ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளும் ஒரே மரத்தின் பலகைகளைப்போல் வேறு வேறு. ஒருவன் ஒரு கடிந்த சொல்லைத் தாங்குவான்; மற்றவள் அந்தச் சொல்லிலேயே வெடித்துவிடுவாள். நாமோ ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை வந்தவுடன் எல்லாப் பலகையையும் ஒரே தடிப்புக்கு இழைக்க முனைகிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளியைச் சொல்லிச் சொல்லித் தட்டுகிறோம். தட்டியபின் காது கொடுத்துக் கேட்பதில்லை. தட்டுவது தச்சரும் செய்கிறார், ஆனால் கேட்பதற்காகத் தட்டுகிறார். எல்லோரையும் ஒன்றுபோல் நடத்தினேன் என்று சொல்லும் தாய் தந்தையர், எல்லோருக்கும் உரியதைக் கொடுத்தோமா என்றும் தம்மைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

பெயரும் கூலியும்

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மறைந்து செய்யும் வேலையைப் புகழும்போது, வேலை செய்தவரை மறைத்துவிடுவதையும் புகழ்ந்துவிடக் கூடாது.

1912-இல் மட்றிட் நகரில், பத்தொன்பது வயது வாலிபன் ஒருவன் மனுவேல் றமீரெஸ் என்பவரின் பட்டறைக்குப் போனான். கச்சேரி ஒன்றுக்கு வாடகைக்கு ஒரு கிற்றார் கேட்டான். அவன் வாசித்ததைக் கேட்ட றமீரெஸ் அந்தக் கிற்றாரை விலை வாங்காமலே கொடுத்துவிட்டார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அந்திரேஸ் செகோவியாதான் அந்த வாலிபன்; இந்த நிகழ்ச்சியை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தக் கிற்றார் 1986 முதல் நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதனுள் ஒட்டியிருப்பது றமீரெஸின் பெயர். ஆனால் அதைக் கையால் செய்தவர் அந்தப் பட்டறையின் தொழிலாளியான சாந்தோஸ் ஹெர்னாண்டெஸ் என்பதே அறிஞர் கருத்து. முதலாளியின் தாராள மனத்தைப் புகழ்கிறோம், புகழ வேண்டியதுதான். கொடுக்கப்பட்டது யாருடைய உழைப்பு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தோரெஸின் வாழ்க்கையும் இதையே சொல்கிறது. ஏறத்தாழ முந்நூற்றிருபது கிற்றார்கள் செய்தார் என்று மதிப்பிடப்படும் அந்த மேதையால் தொழிலை நம்பியே வாழ்ந்துவிட முடியவில்லை. 1870-ஐ ஒட்டி அவர் பட்டறையை விட்டு, அல்மேரியாவில் பீங்கான் கடை வைத்தார். சில ஆண்டு கழித்தே மறுபடி உளியைத் தொட்டார். அவருடைய கிற்றார்கள் இன்று பெரும் செல்வம் பெறுகின்றன. அந்தச் செல்வத்தில் ஒரு காசும் அவருக்குச் சேரவில்லை.

தலவில புனித அன்னம்மாள் ஆலயத்துக்குத் திருயாத்திரை போகும் நாம், அங்குள்ள முதிரை மரத் தூண்களைத் தொட்டுக்கொண்டு நிற்கிறோம். இழைத்த தச்சரின் பெயரைக் கேட்பதில்லை. அவர்களும் பெயருக்காகச் செய்திருக்க மாட்டார்கள். ஆயினும் உயிரோடு நம் முன் நிற்கும் தொழிலாளியிடம், உன் பலன் பரலோகத்தில் இருக்கிறது என்று சொல்லி இன்றைய கூலியைக் குறைப்பது பக்தி அல்ல, திருட்டு. 1981-இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், உழைப்பின் மாண்பை அளக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது உழைக்கும் மனிதனையே என்று கற்பித்தார். அக்குவினாஸ் வேலையைப் பார் என்கிறார். பாப்பரசர் வேலை செய்பவனைப் பார் என்கிறார். இவை முரண்பட்டவை அல்ல. முன்னது உழைப்பவரின் கடமை, பின்னது உழைப்பிப்பவரின் கடமை. என் வேலையை யாரும் பாராவிட்டாலும் நான் ஒழுங்காகச் செய்ய வேண்டும். அடுத்தவருடைய பாராத வேலையை நான் தேடிப் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் இடம் மாற்றிக்கொள்வதில்தான் நம் அநியாயங்களில் பாதி பிறக்கின்றது. நம் வேலைக்குப் புகழ் தேடுகிறோம். பிறர் வேலைக்குத் தாழ்ச்சியை உபதேசிக்கிறோம்.

வாசகர்களே, பிள்ளை கிற்றார் கேட்டால் உங்கள் சக்திக்கேற்ற ஒன்றை வாங்கிக் கொடுங்கள். தொழிற்சாலைக் கிற்றாராகவே இருக்கட்டும். அதை வெயிலிலும் உப்புக் காற்றிலும் போட்டுவிடாமல் துணி போர்த்தி வைக்கவும், ஒவ்வொரு முறையும் சுருதி சேர்த்த பிறகே வாசிக்கவும் பழக்குங்கள். வசதிப்பட்ட ஒரு மாலையில், வட்டத் துளை வழியே வெளிச்சம் அடித்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் கீற்றுகளைக் காட்டுங்கள். பாட்டு இந்த இடத்திலிருந்து வருகிறது, இதை யாரோ ஒருவர் நீ பார்ப்பாய் என்று எதிர்பாராமல் ஒட்டி வைத்தார் என்று சொல்லுங்கள்.

பிறகு நீங்கள் இன்று செய்து முடித்த வேலையை நினைத்துப் பாருங்கள். அதிலும் மூடிய ஒரு பெட்டி இருந்திருக்கும். அதற்குள் என்ன வைத்தீர்கள் என்பது உங்களுக்கும் இறைவனுக்கும் தெரியும். வாங்கிக்கொண்டு போனவருக்கு இன்னும் தெரியாது.